இந்தச் சாரலுக்கு அவளை அழைக்காதே

தம்பி,

குற்றாலத்து வீட்டைத் திறந்து, பூட்டிக் கிடந்த அறைகளின் புழுங்கல் வாடை போகட்டும் என்று ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துவிட்டு, பாய்களை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தபோது உன் அப்பா நீ எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது போன வாரம். வைகாசியில் உங்கள் கல்யாணம் முடிந்ததும் நீ மதராஸுக்குத் திரும்பி உன் வேலையைப் பார்க்கப் போவதாகவும், கோமதி ஆனி பிறந்தவுடன் நேரே இங்கே சாரல் வீட்டுக்கு வந்து என்னோடு இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தாய். சித்திக்கும் ஒத்தாசையாக இருக்கும், பாளையங்கோட்டை டிரெயினிங் பள்ளியில் அவளுக்குப் பாக்கியிருக்கிற ஒரு வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்திருந்தாய். நீ நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் காய்ச்சலில் விழுந்து எழுந்தபின் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நீ பார்த்தவன். ஆனாலும் அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. எதிரே உட்கார்ந்து பேச எனக்கு எப்போதுமே வராது. பேச ஆரம்பித்தால் பாதியில் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

இந்த வீட்டுக்கு நான் வந்தபோது நீ நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். நானே படிப்பை முடித்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். என் வழியில் ஆணிலும் பெண்ணிலும் முதன்முதலாக பி.ஏ. என்று எழுதிக்கொண்டவள் நான்தான். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவரின் மகளை வக்கீல் ஒருவர் இரண்டாம் தாரமாகக் கேட்டு வருகிறார் என்றபோது, எங்கள் வீட்டில் அதை அதிர்ஷ்டம் என்றே நினைத்தார்கள். நான் குறை சொல்லவில்லை. அப்பா என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே பெருமை இந்தக் குற்றாலத்து வீடு. ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று திரும்பி, மேற்கே மலை மறைந்து தூறல் ஆரம்பித்ததும், தென்காசியிலிருந்து அண்டா குண்டாவோடு மாட்டு வண்டியில் நாம் இங்கே வந்துவிடுவோம். அப்புறம் ஆவணி வரைக்கும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது சொந்த வீடு. தாசில்தார் குடும்பம், வழக்குக்காரர்கள், உன் பெரியப்பா வகையறா, அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அவர்களோடு ரயிலில் பேச்சுக் கொடுத்து வந்தவர்கள். அப்பா வாசலில் நின்று வாங்க வாங்க என்பார்கள். அவர்கள் குரலில் அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

அருவியில் குளித்தவர்களின் பசி உனக்குத் தெரியும். காலையில் பத்து இட்லி தின்றவர் அருவிக்குப் போய்வந்து இலையில் உட்கார்ந்தால், பட்டினி கிடந்தவர்போல் சாப்பிடுவார். மறுபடியும் சாயங்காலம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவார், மறுபடியும் பசியோடு வருவார். விறகு ஈரம், கண் எரிச்சல். கொடியெல்லாம் காயாத வேட்டிகள். ஒருவர் கிளம்பிய பாயின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவருக்கு அதை விரிக்க வேண்டும். வாசலில் ஈரக்காலோடு யார் வந்து நின்றாலும் என் கை தானாக ஒரு துண்டையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துவிடும். எனக்குக் கல்யாணமான புதிதில் தென்காசிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக ஓர் இடம் கிடைத்தது உனக்கு ஞாபகம் இருக்காது. சேர்ந்து சில மாதங்களில் சாரல் வந்தது. லீவு கேட்டேன், கொடுத்தார்கள். அடுத்த வருஷமும் ஆனியில் லீவு கேட்டேன். பள்ளிக்கூடத்திலும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? சாரல் முடியட்டும், பாத்துக்கிடலாம் என்று அப்பா சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரும் என்னைப் போகாதே என்று தடுக்கவில்லை, தம்பி. இதைத்தான் நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். தடுத்திருந்தால் அழுதாவது இருப்பேன். ஒரு சாரல் போய் இன்னொரு சாரல் வந்தது, அவ்வளவுதான்.

ஒரு தடவை சாப்பாட்டுப் பந்தியில் நீ, அப்போது உனக்கு மீசை அரும்பியிருந்தது, வந்திருந்த ஓர் அதிகாரியின் மனைவியிடம் பெருமையாக, எங்க சித்தி பி.ஏ. படிச்சவங்க என்று சொன்னாய். அந்த அம்மாள் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதான் பாத்தேன். ரசம் பி.ஏ. ரசமாத்தான் இருக்கு" என்றாள். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவளுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். நீ மட்டும் சிரிக்காமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு உண்டான பிரியத்தை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. கோமதி விஷயத்தில் உன்னிடம் நேராகக் கேட்கலாம் என்ற தைரியம் எனக்கு அந்த நாளிலிருந்துதான் வருகிறது.

கண்டிக்குப் போய்வந்ததைப் பற்றி, சௌக்கியமாகத் திரும்பினேன் என்று ஒரு வரிதான் உனக்கு எழுதினேன். அதை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. என்னோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த ஞானத்தை உனக்குத் தெரியும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டு, இலங்கைக்குப் போய்க் கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், காய்ச்சலில் மெலிந்து கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்காரக்கூடச் செய்யாமல், "அண்ணாச்சி, இவளை ரெண்டு மாசம் எங்கூட அனுப்புங்க. இங்கன இருந்தா இவ தேற மாட்டா" என்றாள். அப்பா யோசிக்காமல் சரி என்றார்கள். எனக்குத்தான் போக மனம் இல்லை. பிரயாணம் என்றாலே எனக்கு மூட்டை முடிச்சும், கட்டுச்சோறும், பிறருடைய ஈரத்துணியும்தான். ஊர் ஊராக மனிதர்கள் கிளம்பி என் அடுக்களைக்கு வந்து சேர்வதற்குப் பெயர் பிரயாணம் என்று நினைக்கும் அளவுக்கு ஆகியிருந்தேன்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. என் தகப்பனாருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ரயில்வேயில் இலவச பாஸ் கிடைக்கும். மற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ போவார்கள். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலைக்குகைகளைக் கடந்து கொல்லம் வரை போவார். அங்கே எங்களுக்கு யாரும் கிடையாது. ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவி, ஒரு பழம் தின்று, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவோம். எதுக்குப்பா வந்தோம் என்று கேட்டால், வண்டி போகுதுல்லா, நாமளும் போவோம்னுதான் என்பார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்கள் போகத் தண்டவாளத்தை மாற்றிவிட்டுக்கொண்டு நின்றவர் அவர். காலேஜுக்குப் போன வருஷங்களிலும் பாளையங்கோட்டை வரைக்குமான அந்தச் சின்னப் பிரயாணத்துக்காக விடுமுறை எப்போது முடியும் என்று காத்திருப்பேன். அந்த ஆசை என்னிடமிருந்து எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. சின்ன லாஞ்சில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுபோய்க் கப்பலில் விட்டார்கள். ஞானம் மேல்தட்டில் நின்று காற்று வாங்கினாள். நான் பெண்கள் இருந்த பக்கத்தில், வாந்தி எடுத்த ஒரு செட்டியார் வீட்டு அம்மாளுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்து, அவள் குழந்தைகளைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன். கடலை நான் பார்க்கவே இல்லை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போன ரயிலிலும் அந்தக் குழந்தைகளில் ஒன்று என் மடியில் தூங்கியது. கண்டியில் ஞானத்தின் வீடு ஏரிக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. இரண்டு அறை, தகரக் கூரை, சுற்றிலும் மரங்கள். போய்ச் சேர்ந்த அன்றே மழை. மலையும் மழையும் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. மறுநாள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினேன். அவளுடைய வேலைக்காரி எனக்கு வேலை இல்லையா என்று கோபித்துக்கொண்டாள். ஞானம் பள்ளிக்கூடம் போனபின் அவள் புடவைகளைத் துவைத்தேன், அலமாரியை ஒழித்து அடுக்கினேன். விருந்தாளியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை விருந்தாளிகளைப் பார்த்தும் அதை நான் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. ஞானம் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அவள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, ஒரு வெள்ளைக்கார அம்மாள், குடையையும் மீறி நனைந்து நின்றிருந்தாள். நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு துண்டும் கிண்ணத்தில் நல்லெண்ணெயும் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டி, வெந்நீர் கொல்லைப்பக்கம் தயாராக இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னேன். வெந்நீர் உண்மையிலேயே தயாராகத்தான் இருந்தது. அந்த அம்மாள் துண்டையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இது ஏதோ எங்கள் ஊர் மரியாதை, தட்டக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு விரலை எண்ணெயில் தொட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஞானம் எழுந்து வந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் அந்த அம்மாளும் காரணம் தெரியாமலே சிரித்தாள். நான் எங்கே ஒளிவது என்று தெரியாமல் துண்டோடு நின்றேன்.

அந்த அம்மாள் தேநீர் குடித்துவிட்டுப் போனபின் ஞானம் துண்டையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்து உள்ளே வைத்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஏட்டி, கப்பல் ஏறி வந்தும் நீ இன்னும் குத்தாலத்து அடுக்களையிலதான் நிக்க" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "திங்கக்கிழமை நீ ஒத்தையில ஹட்டன் வரைக்கும் ரயில்ல போயிட்டு சாயங்கால வண்டிக்குத் திரும்பி வா. எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"அங்கன யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதனாலதான் போகச் சொல்லுதேன்."

திங்கட்கிழமை காலை நான் புளியோதரை கட்டி வைத்திருந்தேன். அவள் அதைப் பிடுங்கி வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டு, பசிச்சா ஸ்டேஷன்ல வாங்கித் தின்னு என்று டிக்கெட்டை மட்டும் கையில் திணித்தாள். கையில் ஒரு மூட்டையும் இல்லாமல் ரயிலில் உட்கார்ந்தது எனக்கு உடம்பில் ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. அடிக்கடி பக்கத்தில் துழாவிப் பார்த்தேன். வண்டி மலை ஏறத் தொடங்கியது. ஒரு வளைவில் எங்கள் வண்டியின் எஞ்சினே எனக்கு எதிரில் வருவதுபோல் தெரிந்தது, புகை விட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு ஒரு குகை. ஒரே இருட்டு. பெட்டியில் இருந்த குழந்தைகளெல்லாம் ஓவென்று கூச்சல் போட்டார்கள். நானும் சத்தம் போட்டேன், தம்பி. இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது? வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. துடைக்கத் தோன்றவில்லை. ஒரு ஸ்டேஷனில் ரொட்டியும் தேநீரும் வாங்கினேன். யாருக்கும் பங்கு வைக்காமல், யார் சாப்பிட்டார்கள் என்று பார்க்காமல், சூடு ஆறுவதற்குள் நானே குடித்து முடித்தேன். சூடாகக் காப்பியோ தேநீரோ குடித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! ஓடைகள் வந்தன, தேயிலைச் சரிவுகள் வந்தன, மேகம் பெட்டிக்குள்ளேயே நுழைந்து போனது. எதையும் யாரிடமும் காட்ட வேண்டியிருக்கவில்லை. என் தகப்பனார் எதற்காக அப்படிப் போய் வந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

திரும்பும் வண்டியில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் ஏறினார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருத்தி, "எந்த ஊரு தாயி?" என்றாள். தென்காசி என்றேன். அவள் கண் விரிந்தது. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவளாம், அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லையாம். குத்தாலத்து அருவி அப்படியேதான் விழுதா என்று கேட்டாள். விழுது என்றேன்.

"நீங்க நெனச்ச நேரம் போயி நிக்கலாம், என்ன?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தேன். நான் கடைசியாக எப்போது அருவிக்கு அடியில் நின்றேன்? உனக்கு அம்மை வார்த்துத் தண்ணீர் விட்ட வருஷமா, அதற்கு முன்பா? அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில் சாரலெல்லாம் இருந்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ரொம்ப தூரம் நடந்தவள் உட்கார்ந்த பிறகுதான் கால் வலியை உணர்வதுபோல் ஓர் அசதி. அந்த அசதியில் எனக்குக் கோமதியின் முகம் வந்து நின்றது. கார்த்திகையில் நிச்சயம் பண்ணப் புளியங்குடிக்குப் போயிருந்தபோது, பெண்கள் எல்லாரும் முன்னறையில் இருக்க, அவள் என்னைக் கொல்லைப்பக்கம் வரும்படி ஜாடை காட்டினாள். கிணற்றடியில் நின்று, "அத்தை, எனக்கு ஒரு வருசம் பாக்கி இருக்கு. முடிக்க விடுவீகளா?" என்று கேட்டாள். கூச்சத்தில் அவள் குரல் எழும்பவில்லை. அந்தக் கூச்சம் எனக்குப் பழக்கமானது. நான் அவள் தோளைத் தட்டி, பாத்துக்கிடலாம்மா என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. அவளும் நம்பித் தலையாட்டினாள்.

ஆகவே உன் கடிதத்தில் அதே சொல்லைப் பார்த்ததும் நான் சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே அப்பா சாப்பிட்டு எழுந்தபின், கோமதி இந்தச் சாரலுக்கு வர வேண்டாம், படிப்பை முடிக்கட்டும் என்றேன். சம்பந்தி வீட்டிலிருந்து முதன்முதலாகச் சாரலுக்கு வருவார்கள், மருமகள் இல்லாமல் எப்படி என்று அப்பா கேட்டார்கள். நான் இருக்கிறேன், எனக்குச் சமையலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றேன். அதற்கு அவர்கள், "இத்தனை வருசமா நானும் அதைத்தான் சொல்லுதேன். நீதான் கரண்டிய யாரு கையிலயும் கொடுக்க மாட்டேங்க" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. படித்தவள் சமைக்கமாட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வைராக்கியத்தில் நானேதான் அந்தக் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை உன் அப்பாமேல் போடுவது நியாயம் ஆகாது. உன்மேலும் போடவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் அந்தக் கரண்டியைப் பிடிக்க இன்னொருத்தி வேண்டாம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு சமையல்காரரை அப்பா பேசி முடித்துவிட்டார்கள். வருகிறவர்கள் தொகையையும் இந்த வருஷம் குறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் நம்பவில்லை, வாசலில் ஆளைக் கண்டால் அவர்களால் முடியாது. அது போகட்டும். நான் காலையில் அருவிக்குப் போய்விட்டு வந்துதான் அடுக்களைக்குள் நுழைவேன் என்று சொல்லிவிட்டேன். நீ நனைஞ்சா மறுபடி காய்ச்சல் வரும் என்றார்கள். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இனி உன் பங்குக்கு வருகிறேன். கோமதியின் தகப்பனார் முந்தாநாள் எலுமிச்சை வியாபார விஷயமாகத் தென்காசிக்கு வந்தவர் நம் வீட்டுக்கும் வந்தார். நீ அவருக்கும் இதே மாதிரி எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது. அப்பாவும் நானும் எங்கள் எண்ணத்தைச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார். தன் மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். ஆனாலும் அவர் மனசு துணியவில்லை. "நீங்க சொல்லுதீக, சரி. மாப்பிள்ளை கைப்பட எழுதினதுக்கு மேல நான் பிள்ளைய ஹாஸ்டலுக்கு அனுப்பினா நாளைக்கு ஒரு வார்த்தை வந்துரக் கூடாதுல்லா. அவுக வாயால சொல்லட்டும்" என்றார். பெண்ணைப் பெற்றவரின் பயம் அது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தச் சித்திரை முடிவதற்குள் ஹாஸ்டலில் இடம் வேண்டும் என்று சொல்லாவிட்டால் அவளுடைய இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார்களாம். அவள் அதைத் தன் தகப்பனாரிடம் ஒரு தடவைதான் சொன்னாளாம், மறுபடி சொல்லவில்லையாம். நானாக இருந்தாலும் மறுபடி சொல்லியிருக்கமாட்டேன்.

அவள் ஆனியில் பாளையங்கோட்டைக்குப் போனால் உனக்கு ஒரு வருஷம் மதராஸில் ஹோட்டல் சாப்பாடுதான். லீவுக்கு வந்தாலும் அவளை நாலு நாள்தான் பார்க்க முடியும். சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். உன் பெரியப்பா, கல்யாணம் கட்டியும் பிரம்மச்சாரி என்று உன் முகத்துக்கு நேரே சொல்வார். இதெல்லாம் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வருஷம் என்பது முடிந்துபோகிற கஷ்டம். மற்றது முடியாது. அது எப்படி முடியாமல் போகிறது என்பதை என்னைவிட நன்றாகச் சொல்ல உனக்கு வேறு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். நியாயம் கேட்டோ சமாதானம் சொல்லியோ எழுதினால் நான் மறுபடி இவ்வளவு எழுத வேண்டிவரும், எனக்குத் தெம்பு இல்லை. புளியங்குடிக்கு எழுது. அவர் பேருக்கே எழுது, சத்தமாகப் படிப்பார், அவளுக்கும் கேட்கும். ஹாஸ்டலில் இடம் கேட்டு எழுதிவிடுங்கள் என்று சொல். பெரிய காரணமெல்லாம் வேண்டாம். ஒரு கார்டு போதும், தம்பி.

சித்தி